புவேர்த்தோ இகுவாசுவா, ஃபோஸ் டோ இகுவாசுவா? அருவிக்கு எந்தக் கரையில் தங்குவது

வைகைக்கரை
ஆகஸ்ட் கடைசியில் இகுவாசு அருவிக்கு மூன்று இரவு ஒதுக்கியிருக்கிறோம். சாவோ பாவ்லோவிலிருந்து பிரேசில் பக்கத்து ஃபோஸ் டோ இகுவாசுவில் இறங்கி, அர்ஜென்டினா பக்கத்து புவேர்த்தோ இகுவாசுவில் விமானம் ஏறி ப்யூனஸ் ஐரிஸ் போவதாகத் திட்டம். நான்கு பேர், எல்லாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அப்பாவுக்கு 68. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி என்றாலே யோசிப்பார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

எந்தக் கரையில் ரூம் போடுவது? ஒரு பக்கம் பார்த்தால் போதும் என்கிறார்கள் சிலர். நிஜமா?

நெல்லைநாடோடி
போதாது, இரண்டும் பாருங்க. மொத்தம் 275 அருவி என்று கணக்குச் சொல்வார்கள். ஏறக்குறைய 2.7 கி.மீ. நீளத்துக்கு விழுகிறது, உயரம் அதிகபட்சம் 82 மீட்டர். அதில் பெரும்பகுதி அர்ஜென்டினா மண்ணில் இருக்கிறது. அதனால் அர்ஜென்டினாவில் அருவிகளுக்கு நடுவே நடப்பீர்கள். பிரேசிலில் எதிர்க்கரையில் நின்று அத்தனையையும் ஒரே பார்வையில் பார்ப்பீர்கள். பிரேசிலுக்கு அரை நாள் தாராளம். அர்ஜென்டினாவுக்கு ஒரு முழு நாள், முடிந்தால் ஒன்றரை.

பிரேசில் பக்கத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்க. அங்கிருந்து மேற்கும் தென்மேற்குமாகப் பார்ப்பதால் காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் நேரே கேமராவுக்குள் வரும்.

பினாங்குச்செல்வி
நான் ஃபோஸ் கட்சி. இரண்டரை லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள நகரம். ஊபர் ஓடுகிறது, சூப்பர் மார்க்கெட் பெரியது, ரூம் வாடகையும் கைக்கு அடக்கம். நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 120ஆம் எண் பஸ் விமான நிலையத்தைத் தொட்டுக்கொண்டு பூங்கா வாசல் வரை போகும். மூன்று இரவும் ஃபோஸில் தங்கி, ஒரு நாள் மட்டும் அர்ஜென்டினா போய்த் திரும்பலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

முத்திரைமணி
செல்வி அக்கா, மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாடும் விசா கேட்பதில்லை, அதனால் அந்த யோசனை உங்களுக்குச் சரி. கேட்டிருப்பவர் இந்தியப் பாஸ்போர்ட்காரர். அவருக்கு பிரேசில் விசா தனி, அர்ஜென்டினா விசா தனி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு அர்ஜென்டினா சலுகை தருகிறது. எந்த வகை அமெரிக்க விசாவுக்கு என்பதை டிக்கெட் போடுமுன் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்க. ஒருமுறை நுழைவு விசா என்றால், எல்லைப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனதுமே பிரேசில் விசாவின் கதை முடிந்தது. சாயங்காலம் ஃபோஸ் ரூமுக்குத் திரும்ப முடியாது, பெட்டி அங்கே, நீங்கள் இங்கே.

அதனால் வைகைக்கரை, எல்லையை ஒரே ஒரு முறை தாண்டுகிற மாதிரி திட்டம் போடுங்க. முதல் இரவு ஃபோஸ், பிரேசில் பக்கத்தை அங்கிருந்தே முடித்துவிடுங்க. பிறகு பெட்டியோடு பாலத்தைத் தாண்டி, மீதி இரண்டு இரவு புவேர்த்தோ இகுவாசு. உங்கள் விமானமும் அங்கிருந்துதானே.

வைகைக்கரை
இப்படி யோசிக்கவே இல்லை. பாலத்தை பஸ்ஸில் தாண்டலாமா? இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடுவதாகப் படித்தேன்.

முத்திரைமணி
ஓடுகிறது. ஆனால் தடுக்கி விழுகிற இடமும் அதுதான். தாங்க்ரெதோ நெவெஸ் பாலம், 1985இல் திறந்தது, கீழே இகுவாசு ஆறு. அர்ஜென்டினா குடியேற்றச் சாவடியில் பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்பார்கள், அதைத் தவறவிடவே முடியாது. பிரேசில் சாவடியில் அப்படி இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு முத்திரை தேவையில்லை என்பதால் டிரைவர் நிற்காமலே போய்விடுவார். வெளிநாட்டுக்காரர்தான் முன்கூட்டிச் சொல்லி இறங்க வேண்டும். பஸ் காத்திருக்காது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். வேறு கம்பெனி பஸ் வந்தால் புது டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். நான்கு பெட்டி, மூட்டுவலி அம்மா, வெயிலில் ரோட்டோரம் அரை மணி நேரம்... வேண்டாம்.

டாக்ஸி பிடிங்க. இரண்டு சாவடியிலும் நிறுத்தி, நீங்கள் முத்திரை வாங்கும் வரை நிற்பார்கள். ஏறும் முன்பே "இரண்டு இமிகிரேஷனிலும் நிற்கணும்" என்று பேசி, மொத்தத் தொகையையும் முடித்துக்கொள்ளுங்க.

பிரேசில் வெளியேறும் முத்திரையைத் தவறவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அர்ஜென்டினா உள்ளே விட்டுவிடும், ப்யூனஸ் ஐரிஸிலிருந்து ஊருக்கும் வந்துவிடுவீர்கள். பிரேசில் கணினியில் மட்டும் நீங்கள் இன்னும் பிரேசிலிலேயே இருப்பீர்கள். அனுமதித்த நாட்களைத் தாண்டித் தங்கியதாகக் கணக்கு ஏறும். அடுத்த முறை போகும்போதுதான் அபராதச் சீட்டு வரும்.

மருந்துச்சீட்டு
முத்திரையைப் பற்றி இவ்வளவு பேசியாச்சு, மஞ்சள் காகிதத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி! பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் இந்திய அரசின் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள், 6 நாள் வரை. நம்ம சென்னை விமான நிலையத்திலும் இதைச் சீரியஸாகவே பார்ப்பார்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா திரும்புகிறவர்களுக்கும் இதே மாதிரி விதி உண்டு.

ஒரே ஊசி, 0.5 மி.லி. போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. 2016க்குப் பிறகு இது ஆயுள் முழுவதற்கும் செல்லும், பத்து வருடக் கணக்கு போய்விட்டது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு உண்டு, அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போகணும். சான்றிதழில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணை அங்கேயே நின்று ஒருமுறை சரிபாருங்க.

அப்பா, அம்மா விஷயம் தனி. இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு இளையவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து, தைமஸ் சுரப்பி நோய் எதுவும் இருந்தால் போடவே கூடாது. குடும்ப டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பிறகு டிக்கெட் போடுங்க. வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

வைகைக்கரை
நன்றி, அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. நாளைக்கே டாக்டரிடம் பேசுகிறேன். அம்மாவால் எந்த எந்த நடைபாதை முடியும்?

நெல்லைநாடோடி
நிறையவே முடியும். அர்ஜென்டினா பூங்கா வழக்கமாகக் காலை 8 மணிக்குத் திறக்கும், மாலை 4:30க்கு மேல் உள்ளே விடுவதில்லை. டவுனிலிருந்து 17, 18 கி.மீ., பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. உள்ளே போனதும் சென்ட்ரல் ஸ்டேஷனில் குட்டி ரயில் நிற்கும். கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம், ஆனால் எந்த வண்டி என்று நேரச்சீட்டு வாங்கணும். கூட்ட நாளில் இந்தச் சீட்டுக்குத்தான் நேரம் போகும். அடுத்த நிறுத்தமான கத்தராத்தாஸ் ஸ்டேஷனுக்கு 'பச்சைப் பாதை' வழியாக 600 மீட்டர்தான், நிழல், மேடு கிடையாது. வரிசை நீளமாக இருந்தால் நடந்துவிடுங்க.

மூன்று பாதை. மேல் சுற்று சுமார் 1.75 கி.மீ., படியே இல்லை, அருவிகளின் உச்சந்தலை வழியாகப் போகும். அம்மாவுக்கு ஏற்றது. கீழ்ச் சுற்றில் படிகள் நிறைய, அப்பா வேண்டுமானால் போகட்டும். மூன்றாவது கர்கந்தா தெல் தியாப்லோ, 'பேயின் தொண்டை'. ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி 1,100 மீட்டர் இரும்புக் கிராதிப் பாதை, திரும்ப அதே தூரம். சமதளம். ஆற்றின் மேலேயே, தீவு தீவாகத் தாண்டிப் போகும். அந்த ஒரு கி.மீ. முழுக்கக் காலடியில் டீத்தண்ணி நிறத்தில் ஆறு அசையாத ஏரி போலக் கிடக்கும். ஏதோ குளத்தைப் பார்க்க வந்துவிட்டோமோ என்று தோன்றும். கடைசி வளைவில் திடீரென்று பலகை அதிரும், எதிரே ஆறு முடிந்துபோயிருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் தரை தெரியாது, புகைமூட்டம்தான். அந்தப் புகைக்குள்ளே தகைவிலான் மாதிரி கறுப்புக் குருவிகள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். வென்செஹோ என்பார்கள், தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பாறையில்தான் கூடு.

முதலில் இதையா, கடைசியில் இதையா என்று சண்டை உண்டு. பெரியவர்களோடு போனால் முதலிலேயே முடிப்பது நல்லது. மதியம் கால் ஓய்ந்தபிறகு 2.2 கி.மீ. நடப்பது கஷ்டம்.

பிரேசில் பக்கத்தில் மாடி பஸ் பூங்காவுக்குள் கொண்டுபோய் விடும். அருவிப்பாதை ஆரம்பிக்கிற நிறுத்தத்தில் எல்லாரும் இறங்குவார்கள். அங்கிருந்து ஒன்றேகால் கி.மீ. போல, இறக்கமும் படிகளுமாக. அம்மா இறங்க வேண்டாம். கடைசி நிறுத்தமான போர்த்தோ கனோவாஸ் வரை போய், லிஃப்டில் கீழே வந்தால் அருவி மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம். நீங்கள் நடந்து வந்து அங்கே சேர்ந்துகொள்ளுங்க.

குற்றாலச்சாரல்
குளிக்கலாமா என்று யாரும் கேட்காததால் நானே கேட்கிறேன் 😀

நெல்லைநாடோடி
கேட்பீர்கள் என்று தெரியும். குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்கிற அருவி இது இல்லை, நின்றால் தலை மிஞ்சாது. ஆசை தீர வேண்டுமானால் படகு இருக்கிறது, அர்ஜென்டினாவில் கிரான் அவெந்தூரா, பிரேசிலில் மக்கூக்கோ சஃபாரி. அருவிச் சாரலுக்குள்ளேயே கொண்டுபோவார்கள். ரெயின்கோட் வெறும் அலங்காரம், தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிவிடும். மாற்றுத் துணி, ரப்பர் செருப்பு எடுத்துப் போங்க. பாஸ்போர்ட்டை அவர்கள் தருகிற பைக்குள் போடும் முன் தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டுவிடுங்க. படகு குதித்துக் குதித்துப் போகும். முதுகு, மூட்டு, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறக் கூடாது.

அணைக்கட்டு
தண்ணீர் அளவைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஆறு குரிச்சிபா நகருக்குப் பக்கத்தில் பிறந்து மேற்கே 1,300 கி.மீ. ஓடி வருகிறது. அதனால் புவேர்த்தோ இகுவாசுவில் வெயில் அடிக்கிறதா மழை பெய்கிறதா என்பதை வைத்து அருவியைக் கணிக்க முடியாது. மேலே பரானா மாநிலத்தில் பெய்ததுதான் சில நாள் கழித்து இங்கே விழும். வழியில் மின் அணைகளும் வரிசையாக இருக்கின்றன. பரானா மாநில மின் நிறுவனமான கோபெல் வெளியிடும் நீர்வரத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருங்க.

வழக்கமான அளவு வினாடிக்கு 1,500 கன மீட்டர் சுற்றுவட்டாரம். 500க்குக் கீழே போனால் திரை கிழிந்து கறுப்புப் பாறை தெரியும். 1978 வறட்சியில் அருவியே வற்றிப்போனது. பத்தாயிரத்தைத் தாண்டினால் 'பேயின் தொண்டை'ப் பாதையை மூடுவதற்கே வாய்ப்பு அதிகம். 2014 ஜூனில் 45,000 வரை போனது. 2023 அக்டோபர் கடைசியில் 24,000ஐத் தாண்டியபோது அர்ஜென்டினா நடைபாதை சேதமாகி, சரிசெய்து திறக்கப் பல மாதம் ஆயிற்று. ஆகவே கிளம்பும் வாரம் பூங்காவின் அறிவிப்பைப் பார்க்காமல் ஏற வேண்டாம்.

மழைக்குப் பின் தண்ணீர் செங்கல் நிறத்தில் வந்தால் கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்ச் செம்மண்தான்.

இட்லிப்பிரியன்
சைவத்துக்கு வருகிறேன். முட்டையும் கிடையாது என்றால் கொஞ்சம் கவனம்.

பிரேசிலில் "கார்னி இல்லாமல்" என்று சொன்னால் கோழியோடு வரும். அவர்களுக்குக் கார்னி என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஒவ்வொன்றாகச் சொல்லணும்: செம் கார்னி, செம் ஃப்ராங்கு, செம் பேய்ஷி, செம் ஓவு (மாடு, கோழி, மீன், முட்டை இல்லாமல்). பீன்ஸ் குழம்பைப் பார்த்ததும் சந்தோஷப்படாதீர்கள், பன்றித் துண்டு போட்டுக் கொதிக்கவைப்பது சகஜம், கேட்டே எடுங்க. எடைபோட்டு விற்கிற 'போர் கிலோ' கடைகள் நமக்கு வசதி. சாதம், வேகவைத்த மரவள்ளி, பனங்குருத்து, காய்கறி எல்லாம் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஃபோஸில் லெபனான் வம்சாவளி அரபு மக்கள் நிறையப் பேர், அதனால் ஃபலாஃபல், ஹம்முஸ், தபூலே நன்றாகக் கிடைக்கும். மூன்று வேளையும் அதையே சாப்பிட்டாலும் தப்பில்லை.

அர்ஜென்டினாவில் மாட்டுக்கொழுப்புதான் கண்ணி. வெங்காயமும் சீஸும் வைத்த எம்பனாதா பார்வைக்குச் சைவம், மேல்மாவில் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். பேக்கரி பிஸ்கட்டிலும் அப்படியே. "திஏனே கிராசா?" (கொழுப்பு இருக்கா?) என்று கேளுங்க. பீட்சா பெரும்பாலும் தப்பிக்கும், வெங்காயம் போட்ட ஃபுகாசெத்தா வாங்குங்க. சீப்பா என்கிற மரவள்ளிமாவு ரொட்டியைத் தெருவில் கூடையோடு விற்பார்கள், வாசனை இழுக்கும். சீஸோடு முட்டையும் பிசைவது வழக்கம், உங்களுக்கு ஆகாது. சொல்ல வேண்டியது: சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன், சின் வெவோ (மாடு, கோழி, பன்றி ஹாம், முட்டை இல்லாமல்). ஹமோனைத் தனியாகச் சொல்லாவிட்டால் சீஸ் சாண்ட்விச்சுக்குள் பன்றி படுத்திருக்கும்.

பூங்காவுக்குள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் சுற்றிலும் பாருங்க. கொவாத்தி இருக்கும்.

பினாங்குச்செல்வி
ஆமாம், அதைப் பெரிசாகச் சொல்லணும். கீரிப்பிள்ளை முகம், வளைய வால், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. கும்பலாக வரும். பிளாஸ்டிக் கவர் சரசரக்கிற சத்தம் கேட்டால் போதும், மேஜை மேலேயே ஏறிவிடும். பார்க்கக் கொஞ்சுகிற மாதிரி இருந்தாலும் நகம் கத்தி. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்குப் போகணும், விளையாட்டில்லை. பறிக்க வந்தால் இழுத்துப் பிடிக்காதீர்கள், பையை விட்டுவிடுங்க. எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடிக் கொண்டுபோனால் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை.

கேமராக்காரன்
பக்கத்தில் பராகுவேயின் சியுதாத் தெல் எஸ்தேயில் லென்ஸ் மலிவு என்கிறார்கள். ஃபோஸிலிருந்து நடந்தே பாலத்தைத் தாண்டலாமாமே?

முத்திரைமணி
தாண்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினையே. 1965இல் திறந்த நட்புப் பாலம், தினமும் கூட்டம் கூட்டமாகப் போய் வருவதால் சாவடியைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பராகுவே விசா வேண்டும். விசா இல்லாமல் அந்தப் பக்கம் மாட்டினால் நீங்கள் எந்த நாட்டிலும் சட்டப்படி இல்லை. பொருளோடு தரைவழியாகத் திரும்பினால் பிரேசில் சுங்கத்தில் வரியில்லா வரம்பு 500 டாலர்தான், நல்ல லென்ஸ் ஒன்றே அதைத் தாண்டும். வாரண்டியும் சந்தேகம். மூன்று நாட்டையும் ஒன்றாகப் பார்க்க ஆசை என்றால் புவேர்த்தோ இகுவாசுவில் மும்முனை எல்லைக்கல் இருக்கிறது. இகுவாசு ஆறு பரானா ஆற்றில் கலக்கிற இடம், எதிரே இரண்டு நாட்டுக் கல்லும் தெரியும். சாயங்காலம் போங்க, விசா கேட்க மாட்டார்கள்.

அணைக்கட்டு
சார்ஜர் விஷயம். ஃபோஸில் 127 வோல்ட், பாலம் தாண்டினால் 220. போன், லேப்டாப் சார்ஜர் இரண்டையும் தாங்கும், அட்டையில் 100–240 என்று இருக்கிறதா பாருங்க. ஊரிலிருந்து கொண்டுபோகிற கெட்டில் ஃபோஸில் அரைமணி நேரம் முனகும், கொதிக்காது. அர்ஜென்டினாவில் சாய்ந்த தட்டைப் பின், அடாப்டர் வேண்டும். பிரேசிலில் மெல்லிய இரண்டு பின் சார்ஜர் அப்படியே போகும், நம்ம தடித்த மூன்று பின் போகாது.

நேரம் இருந்தால் பரானா ஆற்றில் பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இத்தாய்ப்பு மின் அணையையும் பாருங்க. 20 டர்பைன், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பாதி 50 ஹெர்ட்ஸ், பாதி 60 ஹெர்ட்ஸ், ஏனென்றால் பராகுவேக்கு ஒரு கணக்கு, பிரேசிலுக்கு ஒரு கணக்கு. பராகுவே செலவழித்தது போக மீதியை நேர்மின்னாக்கி பிரேசிலுக்கு அனுப்புகிறார்கள். 1982இல் இந்த நீர்த்தேக்கம் நிரம்பியபோது செத்தே கெதாஸ் என்ற இன்னொரு பேரருவி மொத்தமாக மூழ்கிப்போனது. உபரிநீர் மதகு எப்போதாவதுதான் திறந்திருக்கும், படத்தில் பார்த்த வெள்ளைத் தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வைகைக்கரை
எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதிவைத்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்க. முதல் நாள் ஃபோஸில் இறங்கி ஓய்வு. இரண்டாம் நாள் காலை பிரேசில் பூங்கா, மதியம் டாக்ஸியில் பெட்டியோடு பாலம், இரவு புவேர்த்தோ. மூன்றாம் நாள் முழுக்க அர்ஜென்டினா பூங்கா. நான்காம் நாள் மாலை விமானம்.

நெல்லைநாடோடி
ஒரே ஒரு திருத்தம். பிரேசில் பூங்கா ஃபோஸ் விமான நிலையத்திலிருந்து சில கி.மீ. தான், வாசலில் பெட்டி வைக்க லாக்கரும் உண்டு. ரூமைக் காலையிலேயே காலி செய்து, பெட்டியோடு பூங்காவுக்குப் போய், அங்கிருந்தே டாக்ஸியில் பாலத்துக்குப் போங்க. டவுனுக்குத் திரும்பும் நேரம் மிச்சம். பிரேசில் டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் முன்னாடியே எடுங்க.

நான்காம் நாளைச் சும்மா விடாதீர்கள். அர்ஜென்டினா பூங்காவில் மறுநாளும் வந்தால் பாதி விலை, ஆனால் முதல் நாள் வெளியேறும் முன் டிக்கெட்டை அதற்காகப் பதிந்திருக்கணும். விமான நிலையம் பூங்காவுக்குப் போகிற அதே சாலையில்தான். மேல் சுற்றை அன்றைக்கு ஒதுக்கினால் மூன்றாம் நாள் அம்மாவுக்கு 'பேயின் தொண்டை' மட்டும் போதும்.

மருந்துச்சீட்டு
கொசு மருந்து பகலிலும் பூசணும், டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். ஆகஸ்டில் காலையில் நன்றாகவே குளிரும், அப்பாவுக்கு ஸ்வெட்டர்.

வைகைக்கரை
லாக்கரில் நான்கு பெரிய பெட்டி போகுமா?

நெல்லைநாடோடி
ஒன்றில் போகாது. இரண்டு மூன்று லாக்கர் எடுக்க வேண்டியிருக்கும், திறந்ததும் போயிடுங்க. பத்து மணிக்கு மேல் பெரிய அளவு லாக்கர் மிஞ்சாது.